டொமைனில் இருக்கும் கணினிக்குக் குரூப் பாலிசி வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

"பாலிசி போட்டாச்சு, எல்லா மெஷினுக்கும் வந்துடுச்சு, இந்த ஒண்ணுக்கு மட்டும் வரலை." இந்த வரியோடு என் மேசைக்கு வந்த கணினிகள் ஏராளம். குரூப் பாலிசி என்பது டொமைனில், அதாவது மைய சர்வர்களின் கட்டுப்பாட்டில் இருக்கும் கணினிகளுக்கு, செட்டிங்குகளை மொத்தமாக அனுப்பும் விண்டோஸ் வசதி. டிரைவ் மேப் ஆகவில்லை, யூஎஸ்பி தடை வேலை செய்யவில்லை, ஸ்கிரீன் லாக் ஆகவில்லை என்று புகார் மாறும். அதற்கு முன் நடந்திருப்பது மட்டும் மாறாது. யாரோ ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் (பாலிசியை உடனே புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்திருப்பார்கள். பலிக்காமல் இன்னும் இரண்டு தடவை கொடுத்திருப்பார்கள். பிறகு சர்வரில் போய் ஜிபிஓவையே (அந்தச் செட்டிங்குகளின் தொகுப்பையே) திருத்தியிருப்பார்கள். ஒரு கணினியின் கோளாறுக்காக நூறு கணினிக்குப் போகும் பாலிசியில் கை வைப்பதுதான் இதில் ஆபத்தான பகுதி.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: கணினியைக் கேட்டுவிட்டு அப்புறம் சர்வருக்குப் போங்கள். தனக்கு எந்த ஜிபிஓ வந்தது, எது தள்ளப்பட்டது, எதனால் என்பதை விண்டோஸ் தானே எழுதி வைத்திருக்கிறது.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால்: ரிப்போர்ட் எடுங்கள்

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து ஜிபிரிசல்ட் /ஸ்கோப் கம்ப்யூட்டர் /ஆர் என்று கொடுங்கள். அட்மினாகத் திறக்காவிட்டால் கணினிக்குரிய பகுதி வராது. அது வராததைப் பார்த்து "பாலிசியே இல்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயனருக்குரிய பகுதிக்கு நேர்மாறு. பாதிக்கப்பட்டவர் லாகின் செய்திருக்கும் அதே செஷனில், சாதாரண ப்ராம்ப்டில், ஜிபிரிசல்ட் /ஸ்கோப் யூசர் /ஆர் கொடுங்கள். உங்கள் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு போட்டுத் திறந்த ப்ராம்ப்டில் எடுத்தால் வருவது உங்கள் பாலிசி, அவருடையது இல்லை. விவரமாகப் பார்க்க /ஆர் இருக்கும் இடத்தில் /ஹெச் போட்டு ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால் பிரவுசரில் திறக்கும் ரிப்போர்ட் கிடைக்கும்.

ரிப்போர்ட்டின் மேல் பகுதியில் நான்கு வரிகளைப் படியுங்கள்: கணினி டொமைனில் எந்த இடத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது பாலிசி வந்தது, எந்த டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து (டொமைனை நடத்தும் சர்வர்) வந்தது, ஸ்லோ லிங்க் வரம்பு (இதற்குக் கீழே போனால் இணைப்பு மெதுவானது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் வேகம்) எவ்வளவு. "கடைசியாக வந்த நேரம்" இன்றைய தேதியாக இல்லாவிட்டால் நேராக நான்காம் அறிகுறிக்குப் போங்கள். பாலிசி இயந்திரமே ஓடாதபோது மற்றதை ஆராய்வது வீண்.

ஜிபிஓவை இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். சாதாரணக் கணினி 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். அதன் மேல் 0 முதல் 30 நிமிடம் வரை தானாக ஒரு தாமதம் சேரும். ஆக, இரண்டு மணி நேரம் வரை போகலாம். அவசரமென்றால் ஜிபிஅப்டேட் ஒரு முறை போதும். /ஃபோர்ஸ் சேர்த்தால் மாறாத செட்டிங்குகளையும் மறுபடி போடும், அவ்வளவுதான். தள்ளப்பட்ட ஜிபிஓவை அது உள்ளே கொண்டுவராது.

அறிகுறி 1: நீங்கள் தேடும் ஜிபிஓவின் பெயர் ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை

அப்ளை ஆன பட்டியலிலும் இல்லை, தள்ளப்பட்ட பட்டியலிலும் இல்லை. அப்படியென்றால் அந்த ஜிபிஓவுக்கும் இந்தக் கணினிக்கும் தொடர்பே ஏற்படவில்லை. கோளாறு பெரும்பாலும் இடத்தில் இருக்கும்.

*கணினி எந்த ஓயூவில் இருக்கிறது?* ஓயூ என்பது டொமைனில் பயனர், கணினிக் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு. ஜிபிஓவை அதோடு இணைப்பதுதான் லிங்க். ஒரு முறை ஒரு கணினி ஹார்ட் டிஸ்க் மாற்றி, விண்டோஸ் புதிதாகப் போட்டுத் திரும்பி வந்தது. அதே பெயர், அதே மேசை, அதே ஆள். ஒரு பாலிசியும் இல்லை. அரை நாள் நெட்வொர்க் கேபிளையும் ஃபயர்வாலையும் பார்த்த பிறகு ரிப்போர்ட்டை எடுத்தேன். கணினியின் முகவரி வரியில் பெயருக்கு அடுத்ததாக "ஓயூ=" என்று வர வேண்டிய இடத்தில் "சிஎன்=கம்ப்யூட்டர்ஸ்" என்று இருந்தது. பழைய கணக்கை அழித்துவிட்டுத் திரும்ப டொமைனில் சேர்த்திருக்கிறார்கள். புதுக் கணக்கு பிறந்தவுடன் போய் உட்கார்வது கம்ப்யூட்டர்ஸ் என்ற கன்டெய்னரில். அது ஓயூ இல்லை, அதில் ஜிபிஓ எதையும் லிங்க் செய்யவே முடியாது. டொமைன் மட்டத்திலும் சைட் (நெட்வொர்க் இருப்பிடம்) மட்டத்திலும் போட்டது மட்டும்தான் அங்கே எட்டும். கணக்கைச் சரியான ஓயூவுக்கு இழுத்துப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், எல்லாம் வந்துவிட்டது. அந்த அரை நாளுக்குப் பிறகு நான் முதலில் படிப்பது அந்த முகவரி வரியைத்தான். இது அடிக்கடி நடக்கும் இடமென்றால், புதுக் கணினிகள் நேராக ஒரு ஓயூவில் போய் விழும்படி ரெடிர்சிஎம்பி என்ற கட்டளையால் ஒரே முறை மாற்றிவிடலாம்.

*லிங்க் எங்கே இருக்கிறது?* ஜிபிஓ பாய்வது ஓயூவில் இருக்கும் பயனர் கணக்குக்கும் கணினிக் கணக்குக்கும்தான். ஓயூவில் ஒரு செக்யூரிட்டி குரூப்பை வைத்து அந்த ஓயூவில் ஜிபிஓவை லிங்க் செய்தால், குரூப்பின் உறுப்பினர்களுக்கு ஒன்றும் போகாது. அவர்களுடைய கணக்குகள் வேறெங்கோ இருக்கின்றன.

*எந்தப் பாதியில் செட்டிங்?* கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் போட்டதைப் பயனர்களின் ஓயூவில் லிங்க் செய்தால் பலிக்காது, யூசர் கான்ஃபிகரேஷனைக் கணினிகளின் ஓயூவில் போட்டாலும் அப்படித்தான். பின்னதற்கு ஒரு விலக்கு உண்டு: லூப்பேக். அது போட்டிருந்தால் கணினியின் ஓயூவில் இருக்கும் யூசர் செட்டிங்குகள் அங்கே உட்காரும் எல்லோருக்கும் பாயும். ரீப்ளேஸ் முறையில் போட்டிருந்தால் பயனரின் சொந்தப் பாலிசிகள் அந்தக் கணினியில் காணாமலே போகும். ஒருவருக்கு எல்லாக் கணினியிலும் வரும் டிரைவ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் மட்டும் வரவில்லையென்றால் லூப்பேக்கைத் தேடுங்கள்.

*லோக்கல் கணக்கா?* லாகின் செய்தவர் அந்தக் கணினியின் லோக்கல் கணக்கில் இருந்தால் டொமைனின் யூசர் பாலிசி வராது. ஹூஆம்ஐ என்று தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

*மேலிருந்து வருவது தடுக்கப்பட்டதா?* சர்வரின் குரூப் பாலிசி மேனேஜ்மென்டில் ஓயூவின் மேல் நீல வட்டத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் பிளாக் இன்ஹெரிடன்ஸ் போட்டிருக்கிறார்கள். மேல் மட்டப் பாலிசிகளில் என்ஃபோர்ஸ்டு போட்டவை மட்டும் அதைத் தாண்டும். யார், எதற்காகப் போட்டார்கள் என்று விசாரிக்காமல் எடுத்துவிடாதீர்கள். லிங்க் டிஸேபிள் ஆகியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அறிகுறி 2: பெயர் இருக்கிறது, ஆனால் தள்ளப்பட்ட பட்டியலில்

இது நல்ல செய்தி. காரணம் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

எம்ப்டி என்று இருந்தால், அந்த ஜிபிஓவின் இந்தப் பாதியில் செட்டிங் எதுவும் இல்லை. லோக்கல் குரூப் பாலிசிக்கு எதிரே எம்ப்டி என்று வருவது பெரும்பாலான கணினிகளில் வழக்கமானது, அதைத் துரத்த வேண்டாம். உங்கள் ஜிபிஓவுக்கே எம்ப்டி வந்தால் செட்டிங்கை மறு பாதியில் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

டிஸேபிள்டு என்றால் ஜிபிஓவின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஒரு பாதியையோ முழுவதையுமோ அணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கிளிக் வேலை.

செக்யூரிட்டி என்று காரணம் வந்தால் உரிமைச் சிக்கல். கணினி அல்லது பயனர் அந்தக் குரூப்பில் உண்மையிலேயே இருக்கிறாரா? இப்போதுதான் சேர்த்தீர்களா? பயனரைச் சேர்த்திருந்தால் அவர் லாக் ஆஃப் செய்து திரும்ப வர வேண்டும். கணினியைச் சேர்த்திருந்தால் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். குரூப் உறுப்பினர் விவரம் லாகினின்போதும் பூட்டின்போதும்தான் கணினிக்குப் போய்ச் சேர்கிறது. எத்தனை ஜிபிஅப்டேட் கொடுத்தாலும் இது மாறாது.

காரணம் தெரியவில்லை என்ற பொருளில் "அன்நோன் ரீசன்" என்றோ, பிரவுசர் ரிப்போர்ட்டில் "இன்ஆக்சஸிபிள்" என்றோ வந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2016 ஜூன் மாதத்து விண்டோஸ் அப்டேட், எம்எஸ்16-072. அதற்கு முன்புவரை யூசர் பாலிசியைப் பயனரின் உரிமையில் கணினி படித்தது. அந்த அப்டேட்டுக்குப் பிறகு கணினியின் உரிமையில் படிக்கிறது. ஜிபிஓவின் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் (ஜிபிஓ யாருக்குப் பாயும் என்ற பட்டியல்) ஆதென்டிகேட்டட் யூசர்ஸை (டொமைனில் அடையாளம் சரிபார்க்கப்பட்ட எல்லாப் பயனர்களும் கணினிகளும்) எடுத்துவிட்டு ஒரு பயனர் குரூப்பை மட்டும் வைத்தால், கணினிக்கு அந்த ஜிபிஓவைப் படிக்கவே உரிமை இல்லாமல் போகிறது. இன்றும் புதிதாக ஜிபிஓ போடுகிறவர்கள் வாரந்தோறும் இதில் விழுகிறார்கள். ஃபில்டரிங்கில் நீங்கள் வைத்த குரூப் அப்படியே இருக்கட்டும். டெலிகேஷன் பக்கத்துக்குப் போய் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு, அல்லது டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு, ரீட் உரிமை மட்டும் கொடுங்கள். அப்ளை உரிமை கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் எல்லோருக்கும் பாய்ந்துவிடும்.

டபிள்யூஎம்ஐ ஃபில்டர் (கணினியின் விவரத்தைக் கேட்டு ஜிபிஓவை உள்ளே விடுவதா என்று முடிவுசெய்யும் நிபந்தனை) என்று காரணம் வந்தால், அந்த ஃபில்டரின் கேள்வியைப் படியுங்கள். விண்டோஸ் 7 காலத்தில் எழுதியது "6.1" என்று தொடங்கும் பதிப்பைத் தேடும், இன்றைய கணினிகள் "10.0" என்று சொல்லும். இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. "பதிப்பு 6.2-க்குச் சமம் அல்லது மேல்" என்று எழுதினால் விண்டோஸ் 10-ம் 11-ம் தேறும் என்று தோன்றும், தேறாது. அங்கே பதிப்பு எண்ணாக ஒப்பிடப்படுவதில்லை, எழுத்தாக ஒப்பிடப்படுகிறது. எழுத்து வரிசையில் 1 என்பது 6-க்கு முன்னால் வருகிறது, ஆகவே "10.0" சின்னதாகிவிடுகிறது. விண்டோஸ் 11-உம் தன்னை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்ளும், பில்ட் எண் 22000 முதல் என்பதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

அறிகுறி 3: அப்ளை ஆன பட்டியலில் இருக்கிறது, ஆனால் செட்டிங் வேலை செய்யவில்லை

ஆளைக் குழப்புவதில் இதற்குத்தான் முதலிடம். எளிய காரணத்திலிருந்து போவோம்.

*வேறொரு ஜிபிஓ ஜெயித்துவிட்டது.* பிரவுசர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் எதிரே வின்னிங் ஜிபிஓ என்று ஒரு பெயர் இருக்கும். உங்களுடையது அங்கே இல்லையென்றால் தேடல் முடிந்தது. லோக்கல், சைட், டொமைன், ஓயூ என்ற வரிசையில் பாலிசிகள் போடப்படும், கடைசியில் வருவது முந்தியதை மூடும். என்ஃபோர்ஸ்டு போட்டது மட்டும் இந்த வரிசையை மீறும்.

*லாகின் ஒரு முறை போதவில்லை.* ஃபோல்டர் ரீடைரக்ஷனும் சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷனும் பின்னணியில் ஓடாது. விண்டோஸ் வேகமாக லாகின் ஆக வேண்டும் என்பதற்காக நெட்வொர்க்குக்குக் காத்திராமல் உள்ளே விட்டுவிடும். அதனால் இவை இரண்டாவது, சில சமயம் மூன்றாவது லாகினில்தான் வரும். "கம்ப்யூட்டர் தொடங்கும்போதும் லாகினிலும் எப்போதும் நெட்வொர்க்குக்குக் காத்திரு" என்ற பொருள்கொண்ட செட்டிங் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸில் சிஸ்டம், லாகான் பகுதியில் இருக்கிறது. அதைப் போட்டால் ஒரே முறையில் வரும், லாகின் கொஞ்சம் மெதுவாகும்.

*லாகின் ஸ்கிரிப்ட் ஓடவில்லையா?* ஐந்து நிமிடம் காத்திருங்கள், இதை நிஜமாகவே சொல்கிறேன். விண்டோஸ் 8.1 முதல் லாகின் ஸ்கிரிப்ட்டை ஐந்து நிமிடம் தள்ளி ஓட்டுவதுதான் இயல்பு நிலை. இந்தத் தாமதத்தை மாற்றவும் பாலிசியில் தனிச் செட்டிங் உண்டு. ஸ்கிரிப்ட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப எழுதியவர்களின் உழைப்பு எத்தனை வீணாகியிருக்கும்!

*ப்ரிஃபரன்ஸஸில் சிவப்புக் கோடு.* டிரைவ் மேப், பிரின்டர், ரெஜிஸ்ட்ரி போன்றவை ஜிபிஓவின் ப்ரிஃபரன்ஸஸ் பகுதியில் வரும்போது ரிப்போர்ட்டில் ஜிபிஓ அப்ளை ஆனதாகவே தெரியும், உள்ளே ஒவ்வொரு ஐட்டமும் தனியாகத் தோற்றுப்போகலாம். கன்ட்ரோல் பேனல் சார்ந்த சில ஐட்டங்களைத் திறந்து பார்த்தால் கட்டங்களின் கீழே பச்சைக் கோடும் சிவப்புப் புள்ளிக்கோடும் தெரியும். பச்சைக் கோடு போட்டது போகும், சிவப்பு போகாது. நீங்கள் உள்ளே மதிப்பை மாற்றியிருந்தாலும் சிவப்புக் கோடு இருந்தால் அது கணினிக்குப் போகாது. எஃப்5 அழுத்தினால் அந்தப் பக்கம் முழுவதும் பச்சையாகும், எஃப்6 கர்சர் இருக்கும் கட்டத்தை மட்டும் பச்சையாக்கும். எஃப்7 ஒரு கட்டத்தை அணைக்கும், எஃப்8 பக்கத்தையே அணைக்கும். கை தவறி எஃப்8 பட்டிருந்தால் போதும், பக்கம் முழுவதும் ஊமையாகிவிடும்.

காமன் பக்கத்தில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஒரு முறை மட்டும் போடு என்ற டிக் இருந்தால், பயனர் பிறகு அழித்தது திரும்ப வராது. ஐட்டம் லெவல் டார்கெட்டிங்கில் (அந்த ஐட்டம் யாருக்குப் போகும் என்ற நிபந்தனை) பழைய குரூப் பெயரோ பழைய ஐபி வரம்போ தங்கியிருந்தால் அதுவே தடையாகும்.

*டிரைவ் சாதாரணமாகத் தெரிகிறது, அட்மினாகத் திறந்த புரோகிராமில் இல்லை.* பாலிசி வந்துவிட்டது. யூஏசி (அட்மின் உரிமைக்கு அனுமதி கேட்கும் விண்டோஸ் பாதுகாப்பு) ஒரே ஆளுக்கு இரண்டு டோக்கன் (உரிமைச் சீட்டு) வைத்திருக்கிறது, டிரைவ் சாதாரண டோக்கனில் மட்டும் மாட்டப்பட்டிருக்கிறது. குரூப் பாலிசியில் தேட வேண்டாம்.

*பிரின்டர் மட்டும் வரவில்லை.* 2021 ஆகஸ்ட் மாத அப்டேட்டிலிருந்து, நெட்வொர்க் பிரின்டரின் டிரைவரைப் போட அட்மின் உரிமை தேவை. அதற்கு முந்தைய மாதம் வெளியான பிரின்ட் ஸ்பூலர் ஓட்டைதான் அதற்குக் காரணம். அந்தத் தடையை ரெஜிஸ்ட்ரியில் அணைத்து வைக்கும் குறுக்கு வழி சுற்றி வருகிறது. தயவுசெய்து போகாதீர்கள், மூடிய ஓட்டையைத் திரும்பத் திறப்பது அது. டிரைவரை முன்கூட்டியே கணினியில் போட்டு வையுங்கள்.

*பாஸ்வேர்டு நீளம், காலாவதி.* டொமைன் கணக்குகளின் பாஸ்வேர்டு விதி டொமைன் மட்டத்தில் லிங்க் ஆன ஜிபிஓவிலிருந்து மட்டுமே வரும். ஓயூவில் போட்டால் அங்கிருக்கும் கணினிகளின் லோக்கல் கணக்குகளைத்தான் அது பிடிக்கும். ஒரு பிரிவுக்கு மட்டும் வேறு விதி வேண்டுமென்றால் ஃபைன் கிரெய்ன்டு பாஸ்வேர்டு பாலிசி என்ற தனி வசதி இருக்கிறது.

*விண்டோஸ் பதிப்பு ஒத்துக்கொள்ளவில்லை.* செட்டிங்கின் விளக்கத்தில் எந்தப் பதிப்புகளில் வேலை செய்யும் என்று எழுதியிருக்கும். ஸ்டோரை முழுவதும் அணைக்கும் செட்டிங் ப்ரோ பதிப்பில் பலிக்காது, என்டர்பிரைஸிலும் எஜுகேஷனிலும்தான் பலிக்கும். ரிப்போர்ட்டில் வந்திருக்கும், கணினி கண்டுகொள்ளாது.

*வெளியே இருக்கும் லேப்டாப்.* பயனர் கேஷில் (கணினியிலேயே சேமித்து வைத்ததில்) இருக்கும் பாஸ்வேர்டில் லாகின் செய்து, பிறகு விபிஎன் இணைக்கிறார். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டும் லாகின் ஸ்கிரிப்டும் ஓட வேண்டிய நேரம் அதற்குள் போய்விட்டது. அது போக, இணைப்பு 500 கேபிபிஎஸ்-க்குக் குறைவு என்று விண்டோஸ் கணித்தால் ஸ்லோ லிங்க் என்று முடிவுசெய்து சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன், ஸ்கிரிப்ட், ஃபோல்டர் ரீடைரக்ஷன் ஆகியவற்றை விட்டுவிடும். செக்யூரிட்டி செட்டிங்குகளும் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸும் எந்த வேகத்திலும் வரும். லாகினுக்கு முன்பே இணையும் விபிஎன் இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

அறிகுறி 4: ஜிபிஅப்டேட் பிழையோடு நிற்கிறது, அல்லது கடைசித் தேதி பழையது

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து குரூப் பாலிசி என்ற மூலத்தில் வந்த எண்ணைப் பாருங்கள். அந்த எண்தான் கிளையைத் தேர்ந்தெடுக்கும்.

*1129, 1054: டொமைன் கன்ட்ரோலரை எட்ட முடியவில்லை.* ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்து டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) வரியைப் படியுங்கள். டொமைனில் இருக்கும் கணினியில் உள்ளக டிஎன்எஸ் சர்வர்களின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். "இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு" என்று இரண்டாவதாக ஒரு பொது டிஎன்எஸ்ஸைச் சேர்த்திருந்தால் அதை எடுங்கள். முதல் சர்வர் ஒரு கணம் பதில் தராவிட்டால் கணினி இரண்டாவதைக் கேட்கும். அது உங்கள் டொமைன் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லும், கணினியும் நம்பிவிடும். இன்டர்நெட் நன்றாக வேலை செய்யும், பாலிசி மட்டும் வரும், போகும். என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி: என்று கொடுத்து டொமைன் பெயரைச் சேர்த்தால் கன்ட்ரோலரின் பெயர் வர வேண்டும்.

ரீஸ்டார்ட் ஆனவுடன் மட்டும் 1129 வந்து, பிறகு ஜிபிஅப்டேட் கொடுத்தால் சரியாகப் போகிறதா? கணினி வேகமாக எழுந்துவிடுகிறது, நெட்வொர்க் இன்னும் எழவில்லை. வைஃபையை நம்பி இருக்கும் கணினிகளிலும், போர்ட்டைத் திறக்க ஸ்விட்ச் நேரம் எடுக்கும் இடங்களிலும் இது சகஜம். ஸ்டார்ட்அப்பில் பாலிசிக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஸ்விட்ச் போர்ட் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தால் நெட்வொர்க் பார்ப்பவரிடம் சொல்லுங்கள், நீங்களே மாற்ற வேண்டாம்.

*நேரம்.* கணினிக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் (டொமைனின் அடையாளச் சோதனை முறை) மறுக்கும். கடிகாரம் நாள்தோறும் பின்தங்கும் பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரிதான் குற்றவாளி. டபிள்யூ32டிஎம் /ரீசிங்க் கொடுத்து நேரம் சரியாகிறதா பாருங்கள்.

*டொமைனோடு நம்பிக்கை அறுந்தது.* பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் என்று கொடுங்கள். ஃபால்ஸ் என்று வந்தால் அதே கட்டளையோடு -ரிப்பேர் சேர்த்து, -கிரெடென்ஷியலில் டொமைன் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். கணினி தன் டொமைன் பாஸ்வேர்டை 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய விர்ச்சுவல் மெஷினோ பழைய இமேஜிலிருந்து மீட்ட கணினியோ பழைய பாஸ்வேர்டோடு நிற்கும். டொமைனிலிருந்து எடுத்துத் திரும்பச் சேர்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் டொமைனில் இருக்கும் கணக்கை அழிக்காதீர்கள், அழித்தால் முதல் அறிகுறிக்குத் திரும்பிவிடுவீர்கள்.

*1096: ரெஜிஸ்ட்ரி.பிஓஎல் கெட்டுப்போனது.* ஜிபிஅப்டேட்டில் யூசர் பாலிசி வெற்றி, கம்ப்யூட்டர் பாலிசி தோல்வி, செய்தியில் லோக்கல்ஜிபிஓ என்ற பெயர். இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகமே வராது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, குரூப்பாலிசி, மெஷின் என்று உள்ளே போங்கள். குரூப்பாலிசி ஃபோல்டர் மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கிருக்கும் ரெஜிஸ்ட்ரி.பிஓஎல் கோப்பை அழிக்காமல் பெயரை மாற்றி வையுங்கள். ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் கொடுங்கள். இந்த ஓர் இடத்தில் /ஃபோர்ஸ் தன் வேலையைச் செய்யும். அந்தக் கணினியில் லோக்கலாக யாராவது பாலிசி போட்டிருந்தால் அது போய்விடும், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சரிசெய்த சில நாளில் திரும்பக் கெட்டால் டிஸ்க்கைச் சோதியுங்கள், ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

*1058: ஜிபிடி.ஐஎன்ஐ கோப்பைப் படிக்க முடியவில்லை.* ஈவென்ட்டில் முழுப் பாதையும் இருக்கும். அதைக் காப்பி செய்து ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒட்டுங்கள். திறந்தால், அது தற்காலிகத் தடங்கல். திறக்காவிட்டால் இன்னொரு கணினியிலிருந்து அதே பாதையைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோளாறு இந்தக் கணினியில், மேலே சொன்ன டிஎன்எஸ், நேரம், நம்பிக்கை மூன்றையும் திரும்பப் பாருங்கள். அங்கும் திறக்கவில்லையென்றால் கோளாறு சர்வரில், அடுத்த அறிகுறிக்கு வாருங்கள்.

அறிகுறி 5: சில கணினிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை, நாளைக்கு மாறிவிடுகிறது

ரிப்போர்ட்டில் "எந்தக் கன்ட்ரோலரிடமிருந்து வந்தது" என்ற வரியை நல்ல கணினியிலும் கெட்ட கணினியிலும் ஒப்பிடுங்கள். கெட்டவை எல்லாம் ஒரே கன்ட்ரோலரைக் காட்டினால் அந்தக் கன்ட்ரோலருக்குப் புதுப் பாலிசி போய்ச் சேரவில்லை.

ஜிபிஓ இரண்டு துண்டாக வாழ்கிறது. ஒரு துண்டு ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் தரவுத்தளம்), மற்றது சிஸ்வால் ஃபோல்டரில் (ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் இருக்கும் பகிர்வு ஃபோல்டர்). இரண்டும் தனித்தனி வழியில் மற்ற கன்ட்ரோலர்களுக்குப் போகின்றன. ஒவ்வொரு கன்ட்ரோலரின் பெயரையும் நேராகக் கொடுத்து அதன் சிஸ்வாலைத் திறந்து, அந்த ஜிபிஓவின் ஜிபிடி.ஐஎன்ஐ கோப்பில் இருக்கும் வெர்ஷன் எண்ணை ஒப்பிடுங்கள். எண் விசித்திரமாகப் பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். யூசர் பாதியில் ஒரு மாற்றம் 65536 கூட்டும், கம்ப்யூட்டர் பாதியில் ஒரு மாற்றம் 1 கூட்டும். 65539 என்றால் யூசர் 1, கம்ப்யூட்டர் 3.

எண்கள் ஒத்துப்போகவில்லையென்றால் ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி எடுத்துப் பாருங்கள். பார்ப்பதோடு நில்லுங்கள். ஒரு கன்ட்ரோலர் 60 நாளுக்கு மேல் சிஸ்வாலை ஒத்திசைக்காமல் இருந்தால் டிஎஃப்எஸ்ஆர் (சிஸ்வாலை ஒத்திசைக்கும் சேவை) தானாகவே அதை நிறுத்திவைத்துவிடும், 4012 என்ற ஈவென்ட் வரும். அங்கிருந்து மீட்பது எந்தக் கன்ட்ரோலரின் பிரதி உண்மையானது என்று தீர்மானிக்கும் வேலை. தவறான பிரதியைத் தேர்ந்தெடுத்தால் டொமைனின் எல்லாப் பாலிசிகளும் பழசாகிவிடும், அல்லது காலியாகிவிடும். விடுபட்ட ஃபோல்டரைக் கையால் காப்பி செய்து ஒட்டுவதும் வேண்டாம். ஆக்டிவ் டைரக்டரியில் பழக்கப்பட்டவரைக் கூப்பிடுங்கள். செலவாகும், ஆனால் இந்த இடத்தில் அந்தச் செலவு நியாயமானது.

அறிகுறி 6: எடிட்டரிலேயே அந்தச் செட்டிங் இல்லை

ஜிபிஎடிட் திறக்கவே இல்லையென்றால் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் இல்லை, ஹோம் டொமைனிலும் சேராது.

டொமைன் எடிட்டரில் ஒரு புதுச் செட்டிங் மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் டெம்ப்ளேட் (எந்தச் செட்டிங்குகள் உண்டு என்று எடிட்டருக்குச் சொல்லும் கோப்பு) பழசு. முதலில் ஃபில்டர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், அதை அணைத்தால் வந்துவிடும். அடுத்து சிஸ்வாலின் பாலிசீஸ் ஃபோல்டரில் பாலிசிடெஃபினிஷன்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடிட்டர் அதை மட்டும்தான் படிக்கும். உங்கள் கணினியில் புது டெம்ப்ளேட் எத்தனை இருந்தாலும் கண்டுகொள்ளாது. புது ஏடிஎம்எக்ஸ் (டெம்ப்ளேட்) கோப்பை அங்கே சேர்க்கும்போது அதன் ஜோடியான ஏடிஎம்எல் கோப்பை மொழி ஃபோல்டருக்குள் சேர்க்க மறக்காதீர்கள். ஜோடி இல்லாவிட்டால் எடிட்டரைத் திறந்ததும் பிழைச் செய்தி வரும். பழைய ஃபோல்டரை முழுவதும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரிப்போர்ட்டில் "எக்ஸ்ட்ரா ரெஜிஸ்ட்ரி செட்டிங்ஸ்" என்று ஒரு பகுதி வந்தால், செட்டிங் உயிரோடு இருக்கிறது, அதை விளக்கும் டெம்ப்ளேட்தான் தொலைந்திருக்கிறது. கணினிகளில் அது வேலை செய்துகொண்டிருக்கும். காணவில்லை என்று நினைத்து இன்னொரு ஜிபிஓவில் அதையே திரும்பப் போடாதீர்கள்.

எப்போது கூப்பிடுவது, எதைக் கையில் கொடுப்பது

ஒரு கணினியில் மட்டும் பிரச்சினை, மேலே உள்ளவற்றைப் பார்த்தும் தீரவில்லை என்றால் விண்டோஸைத் திரும்பப் போடுவது பல சமயம் நேரம் மிச்சம். ஒரே சமயத்தில் பல கணினிகளில் பாலிசி நின்றாலோ, எந்தக் கணினியிலிருந்தும் சிஸ்வால் திறக்காவிட்டாலோ, கன்ட்ரோலர்களுக்கிடையே வெர்ஷன் வித்தியாசம் இருந்தாலோ, டீஃபால்ட் டொமைன் பாலிசியைத் தொட வேண்டிய நிலை வந்தாலோ நீங்கள் நிறுத்திக்கொண்டு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

அவர் வருமுன் நான்கு விஷயம் எடுத்து வையுங்கள்: நல்ல கணினி ஒன்றின் பிரவுசர் ரிப்போர்ட், கெட்ட கணினி ஒன்றின் ரிப்போர்ட், சிஸ்டம் லாகில் வந்த ஈவென்ட் எண்களும் நேரமும், கடைசியாகப் பாலிசி சரியாக இருந்த நாளுக்குப் பிறகு யார் எதை மாற்றினார்கள் என்ற குறிப்பு. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், குரூப்பாலிசி, ஆபரேஷனல் என்று போனால் வரும் லாகையும் கோப்பாகச் சேமித்துக் கொடுங்கள். அதில் 5312 எண்ணில் எந்த ஜிபிஓக்கள் பொருந்தும் என்றும், 5313 எண்ணில் எவை தள்ளப்பட்டன என்றும் ஒவ்வொரு முறைக்கும் பதிவாகியிருக்கும். அந்த லாகை அழித்துவிட்டுப் புதிதாகச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர் வரும்வரை அதைச் செய்யாதீர்கள்.